மிஞ்சிய போல்ட்

கோவா ஏற்றிப்போன லொறி
கொழும்பிலிருந்து வெறுமையாய்த் திரும்பாமல்
சாக்கில் சுற்றிய எஞ்சினோடு கந்தப்பளை வந்தது.
பஞ்சிகாவத்தைக் கடைக்காரர் சொல்லியனுப்பினார்:
"ஜப்பானில் அறுபதாயிரம்தான் ஓடியிருக்கு."
தியோகு எண்ணெய் மூடியைத் திறந்து
விரலை விட்டு, கறுப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.
"அறுபதாயிரம் என்றால் அறுபதாயிரம்தான்" என்றான்,
தோட்டத்துச் சம்பளத் துண்டை வாசிக்கிற குரலில்.

என் கெப்புக்கு வயது முப்பத்தொன்று.
போன வியாழன், இராகலை வளைவில்,
அறுநூறு கிலோ லீக்ஸ் முதுகிலிருக்க
ஒருதரம் இருமி, வெள்ளையாய்ப் புகைந்து, நின்றுவிட்டது.
லீக்ஸ் வேறொருவன் வண்டியில் போனது.
வாடகை அவனுக்கு,
அவிழ்த்த கயிறு எனக்கு.

கராஜ் என்று பெயர். நாலு கம்பு, மேலே தகரம்,
பின்னால் ஒரு டர்பன்டைன் மரம்.
அதன் கிளையில் செயின் புளொக் மாட்டி
பழையதைத் தூக்கினபோது மரம் முனகியது.
எஞ்சின் அந்தரத்தில் மெல்லத் திரும்பி
எங்களை ஒவ்வொருவராய்ப் பார்ப்பதுபோல் நின்றது.
பொனட்டுக்குள் குனிந்தேன்.
புல் தெரிந்தது.
இத்தனை வருடம் ஓட்டியும்
அந்த வழியாய் நிலத்தைப் பார்த்ததில்லை.

வந்ததும் போனதும் ஒரே குடும்பம்தான், பேச்சுவார்த்தை இல்லாத குடும்பம்.
எண்ணெய்த் தொட்டியின் பள்ளம் இதற்கு முன்னால், அதற்குப் பின்னால்.
மவுண்ட் ஓட்டை அரைவிரல் தள்ளி.
தொட்டியைக் கழற்றி மாற்றி, ஓட்டையை அரத்தால் ராவி,
மழைக்கு மூன்றுதரம் படங்கு இழுத்து...
டோர்ச் பிடித்திருந்த அமராவதி சொன்னாள்:
"சீட்டு இன்னும் ஏழு மாதம் கட்டணும்.
பார்த்து இறுக்குங்க."

டைமிங் பெல்ட் மூடியில் ஒரு சின்னத் தாள் ஒட்டியிருந்தது.
பேனையால் எழுதின ஜப்பான் எழுத்து.
எண் மட்டும் எங்களுக்கும் விளங்கியது:
ஒரு லட்சத்து எண்பத்திரண்டாயிரம்.
யாரும் கடைக்காரரைத் திட்டவில்லை.
"பெல்ட் போட்ட ஆள் ஒழுங்கான ஆள்" என்றான் தியோகு.
தாளைச் சுற்றி மட்டும் எண்ணெய் துடைத்து
கீழே தன் பேனையால்
அன்றைய தேதியை எழுதினான்.
அடுத்துத் திறக்கப்போகிறவன் எவனோ, அவனுக்கு.

டீசல் பைப்பில் காற்றை எடுத்து
நாலாவது தரம் சாவி திருப்ப,
கறுப்பு, பிறகு நீலம், பிறகு
வெறும் சத்தம்.
பக்கத்துக் கோழிகள் மட்டும் எழுந்து நடந்தன.

பழையது நிறைக்குப் போனது, இரும்பு விலையில்.
டப்பாவில் ஒரு போல்ட் மிஞ்சியது.
பதினாலாம் நம்பர்.
எங்கே போகவேண்டியது என்று தியோகுவுக்கும் தெரியவில்லை.
"இது கொழும்பிலிருந்தே கூட வந்ததாயிருக்கும்" என்று
என் பக்கம் பாராமல் சொன்னான்.

இன்று விடிய இராகலை வளைவு.
கை தானாய் இரண்டாம் கியருக்குப் போனது.
எஞ்சின் கேட்கவில்லை, ஆனாலும் போட்டேன்.
மீட்டருக்குப் பக்கத்தில் அந்தப் போல்ட்
இடமும் வலமுமாய் உருள்கிறது.
புத்தகத்தில் இன்னும் பழைய எஞ்சின் நம்பர்.
நுவரெலியாவுக்கு ஒருநாள் போய் மாற்றவேண்டும்,
மழைவிட்ட ஒருநாள், லோட் இல்லாத ஒருநாள்.