அரை மாத்திரை

எங்கள் அலுவலகத்தில் காலை எட்டு மணிக்கு
மாத்தே சுற்றுக்கு வரும்.
ஒரே சுரைக்குடுவை, ஒரே உறிஞ்சுகுழல், ஆறு வாய்கள்.
ஊற்றுபவர் வாஷிங்டன்.
கக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க்,
தூங்கும் பிள்ளையை இடுக்கிக்கொண்டது மாதிரி.
குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும்போது
எதுவும் சொல்லக் கூடாது.
நன்றி என்றால் 'எனக்குப் போதும்' என்று பொருள்.
அடுத்த சுற்று உன்னைத் தாண்டிப் போய்விடும்.

பதினோரு வருடம்
முதல் சுற்றிலேயே நன்றி சொன்னவள் நான்.

பண்புள்ளவள் என்றார்கள்.
வயிறு சரியில்லாதவள் என்றும்.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்:
இன்னும் நாலு பேர், மூன்று பேர், நிபியா,
பிறகு என் கை.
அது என் பேச்சைக் கேட்காது.
ஒருமுறை குடுவை சாய்ந்து
நில அளவை வரைபடத்தில் பச்சைத் தூள் கொட்டியது.
இரண்டு பண்ணைகளுக்கு நடுவே
இல்லாத ஒரு சதுப்பு நிலம்.
எல்லோரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்புதான்.
நான் கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டுப்
பதினேழு நிமிடம் நின்றேன்.

மருத்துவர் சுல்மா எச்செவெரி
என் முகத்தைப் பார்க்காமலே எழுதினார்.
அதற்காகவே அவரைப் பிடித்தது.
முதல் வாரம் பாதி போதும் என்றார்.
மெய்க்கு அரை மாத்திரை.

ஆனால் மருந்துக்கு முன்னால் மருந்துக்கடை.
கவுண்டர் பெண் என் முழுப் பெயரையும்
மாத்திரையின் முழுப் பெயரையும்
ஏலம் விடுவதுபோல் கூவினாள்:
இசொலினா பெரெய்ரா!
கூச்சத்துக்கு மருந்து வாங்கக்
கூச்சமில்லாத ஒருத்தியை அனுப்ப வேண்டும்.

ரொட்டிக் கத்தியால் வெட்டினேன்.
ஒரு பாதி அடுப்புக்கு அடியில் ஓடிவிட்டது.
மண்டியிட்டுத் தேடினேன்.
நான் மண்டியிட்டுப் பல வருடம் ஆகியிருந்தது.

முதல் பத்து நாள் பயம் குறையவில்லை,
அதற்குச் சம்பள உயர்வு கிடைத்தது.
நாக்கு அட்டை. ஓயாத கொட்டாவி.
பின்னிரவு மூன்று மணிக்கு
ஃபிரிட்ஜ் என்னைப் பற்றி முணுமுணுத்தது.

ஆறாவது வாரம் தொலைபேசி அடித்தது.
எடுத்தேன், பேசினேன், வைத்தேன்.
வைத்த பிறகுதான் தெரிந்தது, எடுத்தது நான் என்று.
கண்ணிமைக்கும் நேரம்.
முன்பெல்லாம் அந்த இடத்தில்
ஒரு முழுப் பகல் கிடந்தது.

மாமா ஒலெகாரியோ செத்தபோது
வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்தேன்,
வியர்க்காத கையால் கைகளைப் பற்றினேன்.
அழுகை வரவில்லை.
தொண்டைவரை வந்து, வாசலில் பெயர் கேட்டதும்
திரும்பிப் போய்விட்டது.
அம்மா என்னை ஒரு விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.
இரவில் ஃபப்ரீசியோவின் விரல்கள்
கம்பளிக் கையுறைக்கு அப்பாலிருந்து வந்தன.
"யாரை நினைத்துக்கொண்டிருக்கிறாய்?"
யாரையும் இல்லை. அவனையும்கூட.
இதை அவனிடம் சொல்லும் தைரியத்துக்கு
மாத்திரை இல்லை.

ஜனவரி வெயிலில், யாரிடமும் சொல்லாமல் நிறுத்தினேன்.
நான்கு நாள்.
கண்ணைத் திருப்பினால் மண்டைக்குள்
மின்கம்பி உரசும்.
ஐந்தாம் நாள் அட்டையைக் கிழித்து விழுங்கினேன்,
தண்ணீர்கூட இல்லாமல்.
மருத்துவர் திட்டினார், இந்த முறை முகத்தைப் பார்த்து.
அளவைக் குறைத்தார்.

இன்று ஜூலை. ஆற்றிலிருந்து மூடுபனி ஏறி
பைசந்தூவில் பாதித் தெருக்களைக் காணவில்லை.
வாஷிங்டன் ஊற்றினார்.
கை நடுங்கத்தான் செய்தது, கொஞ்சம்.
நடுங்கியபடியே குடித்தேன். கசப்பு.
கடைசி உறிஞ்சலில் குழல் கர்ரென்று கத்தியது,
அறை முழுக்கக் கேட்டது.
பழக்கத்தில் அந்தச் சொல்லுக்காக வாய் திறந்தேன்,
மூடிக்கொண்டேன்.

இரண்டாம் சுற்று. மூன்றாவது,
சாரம் போன வெறும் வெந்நீர்.
யாரும் கவனிக்கவில்லை.
மிர்த்தா தன் நாயின் பல்வலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.
எந்தப் பல் என்று கேட்டது என் குரல்.
என்னுடையதுதானா, தெரியவில்லை.
பதில் எனக்குத்தான் வந்தது.

இரவு உள்ளங்கையில் வெள்ளையாய் ஒரு பாதி.
இதற்கு நன்றி சொல்ல வேண்டும்தான்.
எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு
வேறு அர்த்தம்.
தண்ணீரை மட்டும் குடிக்கிறேன்.