கால் சுற்று

தண்ணிக்குள் நாற்பது வரை எண்ணுவேன்.
முப்பதில் காது அடைக்கும்,
முப்பத்தைந்தில் நெஞ்சு இடிக்கும்,
அதற்குள் பாறையிலிருந்து ஒரு பிடி மரிக்கொழுந்துப் பாசி
இடுப்புப் பைக்குள் போயாக வேண்டும்.
துணி சுற்றிய விரல்களுக்கு இருபது வருசப் பழக்கம்.

அந்த எண்ணிக்கையை வீட்டுக்குக் கொண்டுவந்தவன்
என் மகன் நம்புசெல்வன். வயது எட்டு.
மல்லாந்து, கழுத்தை நீட்டி,
தலையணைக்கு வெளியே தலை தொங்க,
கரையில் போட்ட ஊளி மீன்போல வாய் பிளந்து தூங்குவான்.
குறட்டை வரும், வரும்,
சட்டென்று நிற்கும்.
ஒன்று. இரண்டு. மூன்று.
பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்வதுகூடக் கேட்கும்.
ஒன்பது. பத்து.
பிறகு முங்கி எழுந்தவன்போல ஒரு இழுப்பு.

நான் மூச்சை அடக்குவது கூலிக்கு.
இவன் எதற்கு?

"அப்பன் விசைப்படகு, மகன் வள்ளம்" என்று
அவன் அப்பா சிரித்தார்,
குறட்டையும் ஒரு சொத்து என்பதுபோல.
"மூணாவது பீரியட்ல தூங்கிர்றான்,
எழுப்புனா சண்டைக்கு வர்றான்" என்றார் மெர்சி டீச்சர்.
வாரத்தில் நாலு நாள் பாய் வேலியில் காய்ந்தது.
காலையில் உதடு உப்பளத்து ஓரம்போல வெடித்திருக்கும்.

ராமநாதபுரம் போனது சொத்தைப் பல்லுக்கு.
டாக்டர் ரிஃபாயா முதலில் பல்லைப் பார்க்கவில்லை.
டோக்கனோடு அவன் உட்கார்ந்திருந்த விதத்தை,
திறந்த வாயை, கண்ணடியில் கிடந்த கருப்பை
கதவு வழியாகவே பார்த்துவிட்டாராம்.
"ராத்திரி எப்படித் தூங்குறான்?"
பல் டாக்டர் கேட்கிற கேள்வியா இது?
எண்ணிக் காட்டினேன்.
ஆறு சொல்வதற்குள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

சின்னக் கண்ணாடியைத் திருப்பி அண்ணத்தைக் காட்டினார்.
தோணியைக் கவிழ்த்ததுபோலக் குறுகி, உயர்ந்து.
"வாய்க்கு இது கூரை. மூக்குக்கு இதுதான் தரை.
தரை குறுகினா காத்து எங்க நடக்கும்?"
நாக்கு மேலே ஒட்டிக் கிடந்தால் தாடை அகலமாக வளருமாம்.
வாய் திறந்தே கிடந்தால் நாக்கு கீழே விழுந்துவிடுமாம்.

முதலில் மூக்கு டாக்டர், பிறகுதான் நான் என்றார்.
மதுரையில் ஒரு ராத்திரி, உடம்பெல்லாம் வயர் ஒட்டித்
தூங்கவைத்துப் பார்த்தார்கள்.
மூக்குக்குப் பின்னால் வளர்ந்த சதையை எடுத்தார்கள்.
பாதிச் சத்தம் போனது.
மீதிக்கு, அண்ணத்தில் ஒரு கம்பி, நடுவில் ஒரு திருகு.
புது வலைக்கு வைத்திருந்த சீட்டுப் பணம்
அவன் வாய்க்குள் போனது.

சாவி மீன்முள் அளவு.
ராத்திரிக்கு ஒரு தடவை,
முன்னாலிருந்து பின்னால், கால் சுற்று.
கலங்கல் தண்ணியில் பாசி தடவி எடுக்கிற கைக்கு
அந்தச் சின்னத் துளை முதல் நாள் அகப்படவே இல்லை.
அவன் வாயில் என் விரல், என் விரலில் அவன் பல்.
ரெண்டு பேரும் அழுதோம்.
இன்னொரு நாள் சாவி வாசல் மணலில் விழுந்தது.
செல்போன் வெளிச்சத்தில் தெருவே குனிந்தது.
"பீரோ சாவியா?" என்றார் ஒருவர்.
"வாய்ச் சாவி" என்றான்.

பதினோராம் நாள் முன்பல் ரெண்டும் விலகிவிட்டன.
பதறிப்போய் போன் செய்தேன்.
டாக்டர் சந்தோசப்பட்டார்.
விரிசலுக்குச் சந்தோசப்படுகிற ஆளை
அன்றுதான் பார்த்தேன்.
அந்தச் சந்து வழியாகத் தண்ணீர் பீச்சப் பழகியிருந்தான் இவன்.

கச்சான் அடங்கிய ஒரு ராத்திரி விழித்துக்கொண்டேன்.
எழுப்பியது சத்தம் இல்லாததுதான்.
ஒன்று, இரண்டு, இருபதும் தாண்டியது.
மூக்கடியில் விரல் வைத்தேன்.
இளஞ்சூடு. போய், வந்து, போய்.
மட்டி மூடிக்கொண்டதுபோல உதடு.
காலையில் பாய் நனைந்துதான் இருந்தது.
அதற்கு இன்னும் நாளாகலாம் என்றார்கள்.
ஆகட்டும்.

சனிக்கிழமை கரைக்கு வந்திருந்தான்.
ஐம்பத்தொன்று வரை எண்ணிவிட்டு மேலே வந்து
ஆவென்று காற்றை இழுத்தேன்.
"அம்மா, வாயை மூடு!" என்று கத்தினான்.
"டாக்டர் பாத்தா வைவாங்க."