நூற்றிருபது டாலர்

செவ்வாய் மாலை ஏழு மணி.
தெற்கு டகோட்டாவில் பனி ஜன்னல்வரை.
திரையில் ட்ரென்ட், லைஃப் கோச்.
அவன் பல்வரிசையே என் கார் விலை இருக்கும்.

"ஐந்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள், மார்லிஸ்?"
இதே சமையலறையில்தான்,
கர்த்தருக்குச் சித்தமானால்.
குறித்துக்கொண்டான்.
"சரி, இன்று எப்படி இருக்கிறீர்கள்?"

பதில் சொல்ல நாற்பது நிமிடம் ஆயிற்று.
ஹார்லனைப் புதைத்த பிறகு
அந்தக் கேள்வியோடு யாரும்
நின்று காத்திருந்ததில்லை.

இது பாவமா, ஆண்டவரே?
நீர் கேட்கிறீர், தெரியும்.
திருப்பிக் கேட்பதில்லையே.

ஞாயிறு. ஆராதனை முடிந்து காப்பி வரிசை.
"எப்படி இருக்கிறீர்கள்?"
போதகர் டெவ்ரீஸ் கைகுலுக்கினார்,
கண் அதற்குள் அடுத்த ஆளிடம்.

நான் கையை விடவில்லை.
"ஒரு மணி நேரம் இருக்கிறதா, பாஸ்டர்?
ட்ரென்டுக்கு நூற்றிருபது.
உங்களுடையதைக்
காணிக்கைத் தட்டில் போட்டாயிற்று."