பென்சிலால் எழுதியது

நாயுடுபுரம் இறக்கத்தில்
எங்கள் சலவைக்கூடம்.
விடுதிகளின் படுக்கை விரிப்புகள்
விடியுமுன் மூட்டையாய் வந்து விழும்,
மே மாதமென்றால் நாளுக்கு அறுநூறு.
இந்த ஆனியில் எண்ணினால் எண்பத்திரண்டு.
அதிலும் பாதி
யாரும் படுக்காமலே ஈரநெடி ஏறியவை.

வத்தலக்குண்டு ஆடிட்டர் போனில் சொன்னார்:
"மூணு பேரை நிறுத்திடுங்க மேடம்,
கணக்கு தானா நேராயிடும்."
நேராகும்தான்.
கழித்தல் ஒன்றும் கடினமான கணக்கில்லை.

பேரேட்டின் கடைசித் தாளில்
பென்சிலால் எழுதினேன்:
பிரிட்டோ. சவரியம்மாள்.
கடைசியாய்ச் சேர்ந்த நூர்நிஷா.
எழுதிவிட்டுத் தேநீரை எடுத்தால் ஆறியிருந்தது.
இந்த ஊரில் எல்லாத் தேநீரும்
மூன்றாவது மிடறில் ஆறிவிடும்.
அதைச் சகுனமாக எடுத்துக்கொள்ளவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
சவரியம்மாளும் நூர்நிஷாவும்
டபுள் காட் விரிப்பொன்றை மடித்துக்கொண்டிருந்தார்கள்.
ஆளுக்கு இரண்டு முனை.
ஓர் உதறல், ஓர் இழுப்பு,
பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து
முனையை முனையிடம் ஒப்படைத்து
குனிந்து, விலகி, மறுபடி நெருங்கி.
பேச்சே இல்லை.
சவரியம்மாளின் இடது தோள் எப்போது வலிக்கும் என்று
நூர்நிஷாவின் கைக்குத் தெரிந்திருந்தது.
அதைக் கற்க எட்டு மாதம் ஆனது.
பேரேட்டில் அதற்குப் பத்தி இல்லை.

சனிக்கிழமை எல்லோரையும் அழைத்து
பேரேட்டையே விரித்து வைத்தேன்.
வரவு, கரண்ட் பில், பாய்லர் விறகு, வங்கித் தவணை,
என் சம்பளமென்று நான் எடுக்கும் தொகை.
அந்த வரியில் மூக்கையாவின் விரல்
கொஞ்ச நேரம் நின்றது.
முதலில் அதைத்தான் அடித்தேன்.

அப்புறம் ஒரே சத்தம்.
ஏழு பேருக்கும் வாரம் நாலு நாள் என்றதும்
"எனக்கு ஆறு வேணும், குழுக் கடன் இருக்கு" என்று
முகத்தைத் திருப்பிக்கொண்டாள் தெய்வானை.
நியாயம்தானே.
பாய்லரை ஒன்றுவிட்டு ஒருநாள் மூட்டினால்
விறகு பாதி என்றான் பிரிட்டோ.
பள்ளி விடுதிக் கம்பளிகளை
யாராவது போய்க் கேட்டிருக்கோமா என்றாள் நூர்நிஷா.
கேட்டதில்லை.
சீசன் எங்களைக் கேட்க விட்டதில்லை.

இருநூறு கம்பளிகள் வந்தன,
தேங்காயெண்ணெயும் பிஸ்கட் தூளும் வீட்டு நினைப்பும் மணக்க.
நனைந்தால் ஒவ்வொன்றும் ஓர் ஆள் கனம்.
நான்கு நாள் மூடுபனியில்
ஒன்றுகூடக் காயவில்லை; விடுதி வார்டன் திட்டினார்.
தெய்வானைக்குத் தன் ஒருநாளைத்
தந்துவிட்டார் மூக்கையா.
காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

முறை போட்டதில் தினமும்
மூன்று பேரோ ஐந்து பேரோதான் வருகிறார்கள்.
ஜோடியில்லாமல் ஒருவர்
விரிப்போடு நிற்க வேண்டியிருக்கிறது.
எதிர்முனைக்கு நான் போகிறேன்.
"தொங்க விடாதீங்க, இழுங்க" என்கிறாள் சவரியம்மாள்.
இழுக்கிறேன்.

ஆயுத பூஜை விடுமுறைக் கூட்டம்வரை
தாக்குப்பிடிப்போமா, தெரியாது.
கடைசித் தாளில் மூன்று பெயரையும் அழித்தேன்.
அழித்த இடத்தில் தாள் மெலிந்துவிட்டது,
இந்த வாரச் சம்பளத்தை அதன்மேல் எழுதினால்
மை ஊறி
அட்டைவரை இறங்குகிறது.