ஏழாம் பக்கம்

ஏழு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.
கீழே நாரைகள் ஆறு.

பிழை திருத்துபவள் நான்தான்.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
மூன்று முறை பார்த்தேன்,
ஒரு காற்புள்ளி தப்பவில்லை.
பறவைகளை எண்ணத்தான் தோன்றவில்லை.
எண்ணத் தெரிந்தவர்கள்
எங்கே எண்ணுகிறார்கள்.

பானவேஜிஸ் நகரில்
தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் அச்சகம்.
இரண்டாயிரம் பிரதிகள்.
தடித்த அட்டை, மழுக்கிய மூலை,
கடித்துச் சப்பினாலும் கெடுதலில்லை என்று
சான்றிதழ் வாங்கிய மை.
ஒன்றுக்கு ஒரு முள்ளெலி.
இரண்டுக்குக் கொடியில் இரண்டு காலுறை.
மூன்று உருளைக்கிழங்கு, அதில் ஒன்று முளைவிட்டது.
எல்லாம் சரி, ஏழு வரைக்கும்.

ஓவியம் வரைந்த ஸ்கைஸ்தேயை அழைத்தேன்.
"ஏழாவது இருக்கிறதே," என்றாள்,
"வலது ஓரம், கூரைக்குப் பின்னால்.
அலகு மட்டும் தெரியும்."

வெட்டு இயந்திரத்தின் கழிவுப் பெட்டியைக் கவிழ்த்தோம்.
சுருள் சுருளாய்க் காகித நாடாக்கள்,
ஒவ்வொன்றிலும்
ஒரு சிவப்பு அலகு.

முதலாளி வைதோதஸ் கத்தவில்லை.
பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டார்.
மறுபடி அச்சடித்தால்
ஒரு குளிர்காலத்தின் வெப்பமூட்டிக் கட்டணம்.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
"ஒட்டலாம்," என்றார்.

ஒட்டுப்படங்கள் வியாழக்கிழமை வந்தன,
கட்டை விரல் நகமளவு நாரைகள்.
உணவறை மேசையில் நாலு பேர் உட்கார்ந்தோம்.
பீட்ரூட் சூப்பை ஜன்னல் விளிம்புக்கு நாடு கடத்தினோம்.
வேலிக்கு இடப்புறம், இரண்டு விரற்கடை தள்ளி:
இதுதான் விதி.
முதல் நூறு, விதிப்படி.

அப்புறம் கைக்குச் சலிப்பு வந்துவிட்டது.
ஒன்று வைக்கோல் போரின் உச்சியில் போய் நின்றது.
ஒன்று மாட்டின் முதுகில்.
கணக்குப் பிரிவு கிந்தாரே,
சில்லறை ஒரு சென்ட் குறைந்தாலும் தூங்காதவள்,
கிணற்று வாளிக்குள் ஒன்றை இறக்கிவிட்டு
யாராவது பார்த்தார்களா என்று பார்த்தாள்.
பிற்பகல் மூன்றரைக்கு
நான் ஒன்றைத் தலைகீழாக ஒட்டினேன்.
உரித்தால் கிழியும்.
விட்டுவிட்டேன்.

ஜன்னலுக்கு வெளியே
அறுத்த வயலில் நிஜ நாரைகள் கூடியிருந்தன.
ஆகஸ்டு முடியப் போகிறது, கிளம்பும் நேரம்.
கிந்தாரே எண்ணினாள்: நாற்பத்தொன்று.
மறுநாள் பன்னிரண்டு.
சனிக்கிழமை கடைசிப் பெட்டியை மூடியபோது
எண்ணுவதற்கு எதுவும் இல்லை,
யாரும் அதைப்பற்றிப் பேசவுமில்லை.

ஒரு பிரதியை அக்கா மகளுக்குக் கொண்டுபோனேன்.
ரூகிலேவுக்கு இரண்டரை வயது.
அவள் எண்ணும் வரிசையில்
ஒன்று, இரண்டு, ஐந்து,
அதற்குப் பிறகு மூச்சு வாங்க ஓர் இடைவெளி,
பிறகு நேரே பத்து.
ஏழாம் பக்கத்தில் விரலை ஓட்டினாள்.
வழுவழுப்பில் ஓர் இடம் மட்டும்
தட்டுப்பட்டது.
நகத்தால் நெம்பினாள்.
நாலு பேர், மூன்று நாள் வேலை.
நாரை பிய்ந்து வந்தது.

அதை உருளைக்கிழங்குப் பக்கத்தில் ஒட்டிப் பார்த்தாள்.
பிறகு என் மூக்கில்.
பிறகு தன் முழங்காலில்; அங்கே திருப்தி.
"ஏழாவது எங்கே?" என்று கேட்டேன்,
தொழில் புத்தி.
கவுனைத் தூக்கிக் காட்டினாள்.

என் கைப்பையில் ஒரு நாடா கிடந்தது,
ஏன் எடுத்துவைத்தேன் என்று தெரியாது.
கொடுத்தேன்.
சிவப்பு அலகை வெகுநேரம் பார்த்தாள்.
காகிதத்தைத் திருப்பினாள்.
மறுபுறம் வெள்ளை.
மேசைக்கு அடியில் குனிந்தாள்,
திரைச்சீலையை விலக்கினாள்,
என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று
மிச்சப் பறவையைத் தேடினாள்.

அந்தச் சொல்லை
யாரும் அவளுக்கு இன்னும் சொல்லித் தரவில்லை.
அது அடுத்த புத்தகத்தில் வருகிறது:
உள்ளே, வெளியே, மேலே, கீழே, பின்னால்.

இன்று காலை மாதிரித் தாள்கள் வந்தன.
கடைசிப் பக்கத்தில் ஓர் அடுப்பு,
அதன் பின்னால் பூனை, வால் மட்டும்.
எழுத்தைப் படிக்குமுன்
வாலை எண்ணினேன். ஒன்று.
அளவுகோலை வைத்தேன்.
வெட்டுக் கோட்டிலிருந்து
ஒன்பது மில்லிமீட்டர்.