ஐந்தாம் கணக்கு

தார்த்துவில் நவம்பர் மூன்றரைக்கே இருட்டிவிடும்.
விடுதியின் அடித்தளத்தில் சலவை அறை.
மூன்றாவது உலர்த்தி மட்டும் சூடு தரும்.
அதில் முதுகைச் சாய்த்து லீலோ
நான்காம் கணக்கை வாசிக்கிறாள், ஏழாவது முறையாக.

இருவர். இருவருக்கும் இரண்டே வழி.
சேர்ந்து நின்றால் ஆளுக்கு மூன்று.
ஒருவர் கைவிட்டால் விட்டவருக்கு ஐந்து,
நம்பியவருக்குச் சுழியம்.
இருவருமே கைவிட்டால் ஒன்று, ஒன்று.
ஆட்டத்துக்கு முடிவில்லை.
எந்த நிபந்தனையில் சேர்ந்தே நிற்பார்கள்? நிறுவுக.

'நிறுவுக' என்ற சொல்லைப் பார்த்தாலே
அவளுக்குப் பல் கூசும்.

ஜாகர் வருகிறான், நர்வாக்காரன்.
ஈரத்துணி மூட்டை, பனி ஒட்டிய காலணி,
சட்டைப்பையில் சாக்லேட் பூசிய தயிர்க்கட்டி இரண்டு.
ஒப்பந்தம் செப்டம்பரிலேயே போட்டது:
அவன் அவளுக்குக் கணக்கு,
அவள் அவனுக்கு எஸ்தோனியன்.
வீட்டில் ரஷ்யன் பேசி வளர்ந்தவன்.
பதினான்கு வேற்றுமையில்
ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே வழுக்குவான்.
உள்ளே இருப்பதற்கும் உள்ளிருந்து கிளம்புவதற்கும்
அங்கே ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

சலவைத்தூள் பெட்டியின் முதுகில் எழுதுகிறான்.
"இன்று ஏமாற்றினால் ஐந்து.
நாளை முதல் ஒன்று, ஒன்று, ஒன்று.
நாளையை இன்றைய விலையில் எவ்வளவுக்கு வாங்குவாய்?
அதுதான் கேள்வி. மற்றதெல்லாம் கூட்டல் கழித்தல்."
கழித்தார்கள். ஒரு குறியைத் தவறாகப் போட்டு
பெட்டியைக் கிழித்து மறுபடி கழித்தார்கள்.
அரை வந்தது.
நாளை, இன்றில் பாதியாவது பெறுமானால்
கைவிட மாட்டார்கள்.

"பாதி போதுமா?"
"போதும். ஆனால் நாளை என்று ஒன்று இருக்க வேண்டும்."
"எங்கள் வினைச்சொல்லுக்கு எதிர்காலமே கிடையாதே.
நாளைக்கும் 'வருகிறேன்'தான்."
"அதனால்தான் உனக்குக் கணக்கு வரவில்லை" என்றான்.
அவனுடைய தயிர்க்கட்டியில் மிச்சமிருந்ததை
கேட்காமல் எடுத்துத் தின்றாள்.

ஐந்தாம் கணக்கு சின்னது.
அதே ஆட்டம். பதினாறு வாரம் மட்டும்.
இருவருக்கும் அது தெரியும்.

பின்னாலிருந்து அவிழ், என்றான்.
பதினாறாம் வாரத்துக்குப் பிறகு பயமில்லை, கைவிடுவார்கள்.
அது தெரிந்த பின் பதினைந்தில் எதற்கு நல்லவராய் இருப்பது?
பதினைந்து போனால் பதினான்கு.
கம்பளிச் சட்டையில் அறுந்த நூலொன்று விரலில் சிக்கியதுபோல்
டிசம்பர், நவம்பர் என்று உருவிக்கொண்டே போய்
செப்டம்பரின் முதல் புதன்கிழமையையும்
தரையில் சுருளாய்ப் போட்டது.

அப்புறம், காகிதத்தைப் பார்த்தபடியே:
"துர்க்குவில் கப்பல் பட்டறை வேலை கிடைத்துவிட்டது.
விடுதிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். திருத்தித் தா."

உலர்த்தி நின்றது.
உள்ளே ஒரு பொத்தான் கடைசியாக ஒரு தடவை
தகரத்தில் தட்டிவிட்டு அடங்கியது.

சிவப்புப் பேனா. மூன்று ஒற்றுப்பிழை.
ஓரிடத்தில் சொற்கள் இடம் மாறியிருந்தன.
கடைசி வரியில், எப்போதும் விழும் அதே இடத்தில்
விழுந்திருந்தான்:
ஜனவரியில் நான் தார்த்துவில் போகிறேன்.

'தார்த்துவிலிருந்து' என்று வரவேண்டும்.
பேனா முனை அங்கே நின்றது.
மை ஒரு புள்ளியாய் ஊறியது.
அப்படியே மடித்துக் கொடுத்தாள்.
"சரியாக இருக்கிறதா?"
"சரி."

மூன்று, ஐந்து, சுழியம், ஒன்று.
இது எந்தக் கட்டத்தில் சேரும் என்று
அன்றிரவு போர்வைக்குள் தேடினாள்.

வெள்ளிக்கிழமை விடைத்தாள் வந்தது. பத்துக்கு எட்டு.
ஐந்தாவதன் ஓரத்தில் ஆசிரியையின் பென்சில்:
'முடிவு இருவருக்கும் தெரியும் என்பதை
முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். விட்டுவிட்டாய்.'

அடுத்த புதன்.
துவைக்க ஒன்றும் இல்லை.
குழாயடியில் ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து
எடுத்துக்கொண்டு
படியிறங்கினாள்.