புள்ளிக்கோடு

காவேரிப்பட்டணம் சாலையில்
மூடிக் கிடக்கும் மாங்கூழ் ஆலையை
அளந்து வரைவது என் வேலை.
ஒரு லேசர் மீட்டர், ஒரு ஏணி,
ஒன்பது நாள் கூலி.

வரைபடத்துக்கு ஓர் இலக்கணம் உண்டு.
நிற்கப்போவது முழுக்கோடு.
இடியப்போவது புள்ளிக்கோடு.
நடுவில் வேறு கோடு கிடையாது.

முதலில் புகைபோக்கி.
தொண்ணூற்றாறு அடி, உச்சி விரிசலில்
முழங்கால் உயரத்துக்கு ஓர் அரசங்கன்று.
பாதுகாக்க வேண்டியவற்றின் பட்டியலில்
அதற்குத்தான் முதலிடம்.
சாலையோரப் பலகையில் இப்போதே
அதன் காலடியில் நீலமாய் ஒரு நீச்சல்குளம்,
குளிப்பவர் யாருக்கும் நிழல் விழவில்லை.

அடுத்து கொதிகலன் கூடம்.
"இங்கதான் மேடம் ஜிம்" என்றார் பொறியாளர் ஹரிதாஸ்.
இரும்புக் கதவின் உட்புறம்
சாக்பீஸ் எழுத்து அழியாமல் இருந்தது:
ஜூன் 14. அழுத்தம் குறைவு. சம்பங்கி லீவு.
சாக்பீஸுக்கு எந்தக் கோடு?
குறிப்பு ஏழு என்று எழுதி நகர்ந்தேன்.

தோல் சீவும் கூடத்தில்
மேடையின் இருபுறமும் தரை தேய்ந்திருந்தது.
லேசர் அதைப் பிழை என்றது.
இன்னொரு முறை வைத்தேன். பிழை.
மண்டியிட்டு என் மகனின் ஸ்கேலால் அளந்தேன்.
பன்னிரண்டு மில்லிமீட்டர்.
சென்னையிலிருந்து வந்த பாரம்பரிய ஆலோசகர்
சிலிர்த்துப்போனார்.
கண்ணாடி போட்டு மூடி, கீழே விளக்கு வைத்தால்
வரவேற்பறைக்கு அழகாக இருக்குமாம்.
இருக்கும்தான்.

பின்பக்கம் லைன் வீடுகள், ஏழு.
பட்டியலில் இல்லை.
எனக்கு வந்த கோப்பிலேயே அவை
புள்ளி புள்ளியாகத்தான் இருந்தன.
சம்பள பாக்கிக்குப் பதிலாக
இருந்துகொள்ளுங்கள் என்று முதலாளி சொன்னாராம்.
வாயால்.

ஐந்தாம் வீட்டு முனிரத்தினம்மா
கட்டிலை நகர்த்தி வழிவிட்டாள்.
"அங்க ஒரு வீடு எவ்ளோ?"
நாற்பத்தெட்டு லட்சம்.
மனசுக்குள் எதையோ பெருக்கிப் பார்த்தாள்.
"கிலோவுக்கு நாப்பது பைசா சீவினேன்.
சரி, குடிவர்றவங்களுக்குப் புகைபோக்கி எதுக்கு?"
ஞாபகத்துக்கு.
"யாரோட?"

மீட்டரைச் சுவரில் வைத்தேன்.
உள்ளங்கையில் ஏதோ இடறியது.
பின்சுவர் ஒன்றரை அடிக் கனம்.
இப்படி ஒரு குச்சுவீட்டுக்கு எவன் கட்டுவான்?
வெளியே போய், சுற்றிவந்து,
கொதிகலன் கூடத்துக்குள் நின்று
அதே சுவரைப் பார்த்தேன்.
ஏழு வீட்டு உத்திரமும்
பாதுகாக்கப்பட்ட சுவரில் செருகியிருந்தன.
அடுப்பே இல்லாமல் மார்கழியில்
இந்தப் பக்கம் சூடாக இருக்குமாம்,
சீசன் இல்லாத மாசத்தில் சில்லென்று.

அன்றிரவு கோப்பைத் திறந்தேன்.
ஏழு வீடுகளைத் தேர்வுசெய்து
கோட்டின் வகையை மாற்றினேன்.
குறிப்பு இருபத்து மூன்று:
இவற்றை இடித்தால் கூடத்தின் மேற்குச் சுவர் சாயும்.
சாயலாம்
என்பதுதான் நான் கண்டது.
ஒரு 'லா' விட்டுப்போயிற்று.
தட்டச்சுப் பிழை என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஹரிதாஸ் கூப்பிட்டார்.
"மேடம், ஒரு எடத்துல லைன் மாறியிருக்கே?"
அளந்தது அப்படித்தான் சார்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
ஜல்லி கொட்டும் சத்தம்.
"ஆலோசகரைக் கேக்கறேன்."

மூன்று வாரமாகிறது. யாரும் இடிக்கவில்லை.
இடிக்க மாட்டோம் என்றும் சொல்லவில்லை.
என் ஒன்பது நாள் கூலியும் வரவில்லை.
கொட்டைக்குழியில் தானாய் முளைத்த மாமரங்களை
நான் வரையவே இல்லை என்பது
நேற்றுத்தான் நினைவுக்கு வந்தது.

முனிரத்தினம்மா ஒரு பிரதி கேட்டாள்.
கரண்ட் பில்லும் ரேஷன் கார்டும் இருக்கும்
மஞ்சள் பைக்குள் வைக்க.
"எங்க வீடு எது?"
விரலைப் பிடித்து வைத்தேன்.
வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள்.
"என்னம்மா, இவ்ளோ மெலிசா இருக்கு?"
அரை மில்லிமீட்டர்.
படத்தில் அதைவிடத் தடித்த கோடு
கிடையாது.